பட்ட ஆராய்ச்சியில் வழங்கும் சொற்கள்



ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தேன். ஆராய்ச்சி மாணவர் பலருக்கு நெறியாளனாகவும் இருந்தேன். அக்காலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, இன்றைய பேச்சின் பொருளுக்கு வருகிறேன்.

2019-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலைப்பொழுது. துறையின் கதவு திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். தென்பாண்டிச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தவர். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தியின் தாய். என்னைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார். "ஐயா, அவ என்ன தப்பு செஞ்சிருந்தாலும் மன்னிச்சிருங்க. டி.சி. மட்டும் குடுத்துராதீங்க" என்றார். அவர் கையிலிருந்த துணிப்பையில், மகள் பள்ளியில் வாங்கிய நற்சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. முதல் நாள் மாலை மகள் தொலைபேசியில், "நாளை மறுநாள் எனக்கு டி.சி. இருக்கிறது, பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது டாக்டரல் கமிட்டியை. ஆராய்ச்சி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று பார்த்து யோசனை கூறும் சிறு குழு அது. தாய் புரிந்துகொண்டதோ, பள்ளியிலிருந்து பிள்ளையை நீக்கும்போது கையில் கொடுத்தனுப்பும் மாற்றுச் சான்றிதழை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து வேறு வேறு. நம் எழுத்திலோ இரண்டும் ஒரே 'டி' தான்.

சிரிக்கத்தக்க கதைதான். ஆயினும் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவியை அழைத்து, "டி.சி. என்பது என்னவென்று உனக்காவது தெரியுமா, அம்மா?" என்று கேட்டேன். அவள் தலைகுனிந்து, "சரியாகத் தெரியாது ஐயா. கேட்டால், இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்பார்களோ என்று இருந்துவிட்டேன்" என்றாள். சேர்ந்து ஓராண்டாகியும் அவளுக்கு அதை எடுத்துச் சொல்லாத குற்றம் என்னுடையதே.

குறுக்கி எழுதுவது நமக்குப் புதிய வழக்கமன்று. நம் பாட்டனார் எழுதிய கடிதங்களிலும் கிரயப் பத்திரங்களிலும் நாள், மாதம், வருஷம், மேற்படி என்பவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள் உண்டு. எழுதியவருக்கும் படித்தவருக்கும் அவை பொதுவாக இருந்தன. ஆகவே இடையூறு செய்யவில்லை. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதபோதுதான் ஒரு குறுக்கம் சுவராகிவிடுகிறது.

அச்சுவரில் நானும் முட்டிக்கொண்டவன்தான். மாணவனாக இருந்த நாளில், ஒரு நூலின் அடிக்குறிப்புகளில் 'இபிட்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இவ்வளவு எழுதிய ஆசிரியரின் நூலை நாம் படிக்காமலிருக்கலாமா என்று, நூலகத்து அட்டைப் பெட்டிகளில் அரைநாள் தேடினேன். 'அதே இடத்தில்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் குறுக்கம் அது. ஊரில் பத்திரம் எழுதுபவர் 'மேற்படி' என்று எழுதுகிறாரே, அதுவேதான். 'எட் அல்' என்றால் 'மற்றும் பலர்', 'சி.எஃப்.' என்றால் 'ஒப்பிட்டுப் பார்க்க'. உள்ளே இருப்பது இவ்வளவே.

இனி, ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்பும் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் அறியவேண்டிய சில சொற்களைப் பார்ப்போம். யு.ஜி.சி. என்பது பல்கலைக்கழக மானியக் குழு. 1953-இல் தொடங்கி, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. பிஎச்.டி. என்பதை 'மெய்யறிவில் ஆசான்' என்று பெயர்க்கலாம். டாக்டர் என்ற சொல்லின் இலத்தீன் வேர் 'கற்பித்தல்' என்பதாகும். மருத்துவம் பின்னால் வந்த பொருள். தமிழில் முனைவர் என்கிறோம். அதற்கு முன்படியாக விளங்கிய எம்.ஃபில்., அதாவது ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை, 2022-இல் வந்த யு.ஜி.சி. விதிகள் நிறுத்திவிட்டன.

பெரிதும் குழப்பம் விளைவிப்பவை நெட், ஜே.ஆர்.எஃப். என்னும் இரண்டு. நெட் என்பது தேசியத் தகுதித் தேர்வு. ஜே.ஆர்.எஃப். என்பது அதே தேர்வில் உயர்ந்த இடம் பெறுவோருக்குக் கிடைக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் இத்தொகை மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. 2024 ஜூன் தேர்விலிருந்து, தேறியவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையினருக்கு உதவித்தொகையும் உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதியும், ஆராய்ச்சியில் சேரும் தகுதியும் உண்டு. இரண்டாம் வகையினருக்கு உதவித்தொகை இல்லை. மற்ற இரண்டும் உண்டு. மூன்றாம் வகையினருக்கு ஆராய்ச்சியில் சேரும் தகுதி மட்டுமே. பின்னிரு வகையினரும் அந்தத் தேர்வைக் கொண்டு ஆராய்ச்சியில் சேர ஓராண்டுதான் காலம். "பிள்ளை நெட் தேறிவிட்டான், இனி மாதந்தோறும் பணம் வரும்" என்று நம்பிக் கடன் வாங்கிய குடும்பத்தை நான் அறிவேன். எந்த வகை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கடன் நேர்ந்திராது.

சேர்ந்தபின் வருவது கோர்ஸ் ஒர்க் என்னும் முன்பாடப் பயிற்சி. அதில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் பெறவேண்டும். அடுத்து, நான் சொன்ன குழு. 2022-ஆம் ஆண்டு விதிகளில் அதற்கு ஆராய்ச்சி ஆலோசனைக் குழு என்று பெயர். சில இடங்களில் ஆர்.ஏ.சி., சில இடங்களில் டி.சி. பருவத்துக்கு ஒரு முறை மாணவர் அதன் முன் தம் வேலையை எடுத்துரைக்கவேண்டும். அது தண்டிக்கும் மன்றமன்று. வழி தவறினால் முன்கூட்டியே எச்சரிக்கும் துணை.

காலக் கணக்கையும் மனத்தில் வைக்கவேண்டும். மேற்சொன்ன விதிகளின்படி முனைவர் ஆராய்ச்சிக்குக் குறைந்த காலம் மூன்றாண்டு, மிகுந்த காலம் ஆறாண்டு. மறுபதிவின் மூலம் மேலும் இரண்டாண்டு பெறலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் உடற்குறை உடையவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டாண்டுச் சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்காகப் பெண்கள் மொத்தம் 240 நாள் வரை விடுப்புப் பெறலாம். இது தெரியாமல், கைக்குழந்தையோடு ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுச் சென்றவர்களை எண்ணினால் நெஞ்சு வருந்துகிறது.

முடிவில் சினாப்ஸிஸ், அதாவது ஆய்வுச் சுருக்கம்; பின்னர் தீஸிஸ் என்னும் ஆய்வேடு. நெறியாளரோடு வெளித்தேர்வாளர் இருவரேனும் அதனைப் படித்துக் கருத்துரைப்பர். அவர்கள் இசைந்தபின் நடப்பது வைவா. உயிருள்ள குரல் என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். எழுதியதைத் தன் வாயால் நிலைநாட்டும் தேர்வு அது. கருத்தரங்கைக் குறிக்கும் செமினார் என்ற சொல்லும் எனக்கு மிகப் பிடித்தமானது. அதன் மூலப்பொருள் நாற்றங்கால். இதைவிடப் பொருத்தமாக நம் உழவரும் ஒரு பெயர் வைத்திருக்க முடியாது.

அந்த அம்மையார் வந்து சென்ற வாரமே ஒரு காரியம் செய்தேன். இச்சொற்களையெல்லாம் எளிய தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இரண்டு படிகள் கொடுத்தேன். ஒன்று மாணவருக்கு, மற்றொன்று வீட்டுக்கு. நான் ஓய்வு பெறும்வரை அவ்வழக்கத்தை விடவில்லை. நெறியாளராக இருக்கும் நண்பர்களும் இதைச் செய்யலாம். ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் செலவாகாது. மாணவர்களுக்கு நான் சொல்வது, ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத சொல்லை அன்றே எழுதி, அன்றே கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டுக் கழித்த ஓராண்டை எந்த விதியும் திருப்பித் தராது.

அந்த மாணவியின் வாய்மொழித் தேர்வு 2023-இல் நடந்தது. அவையின் பின்வரிசையில் அவள் தாய் அமர்ந்திருந்தார். இம்முறை கையில் சான்றிதழ்ப் பை இல்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும், "இன்னிக்கு நடந்ததுக்குப் பேரு என்னங்கய்யா?" என்று என்னிடம் கேட்டார். பெயரையும் சொன்னேன், பொருளையும் சொன்னேன். அதை ஒரு முறை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, "ஊருல கேப்பாங்க, சரியாச் சொல்லணும்ல" என்றார்.