கூடுதல் தைராய்டு: மாத்திரையை நாமாக நிறுத்தலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சர்க்கரை நோய் பற்றிப் பேசினோம். முடிந்து எழுந்திருக்கும்போது நாலைந்து பேர் சுற்றி நின்றுகொண்டு, "எங்களுக்குத் தைராய்டு இருக்கு, அதைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அதனால் இன்றைக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு விஷயம். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் சிறிய சுரப்பி அது. அதில் சுரக்கும் நீர்தான் உடம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது குறைவாகச் சுரந்தால் ஒரு நோய், கூடுதலாகச் சுரந்தால் வேறொரு நோய். இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். நம் பெண்களில் அதிகம் பேருக்கு வருவது குறை தைராய்டு. அதற்கு டப்பாவில் வரும் தைராக்சின் மாத்திரை கொடுப்பார்கள். கூடுதல் தைராய்டு உள்ளவர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றிய கதைதான். "உனக்கும் தைராய்டு, எனக்கும் தைராய்டு, மாத்திரை தீர்ந்துபோச்சு, ரெண்டு குடு" என்று கடன் வாங்கும் பழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. பணம் கடன் வாங்கலாம், மாத்திரை கடன் வாங்கக் கூடாது.

இன்று நாம் பேசப்போவது கூடுதல் தைராய்டு பற்றி மட்டும்.

அறிகுறி என்ன? நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போகும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். வேர்த்துக் கொட்டும், மார்கழியிலும் காற்றாடி கேட்கும். கை நடுங்கும், தூக்கம் வராது, சட்டென்று கோபம் வரும், அழுகை வரும். மாதவிலக்கு குறையும் அல்லது தள்ளிப்போகும். அடிக்கடி வெளிக்குப் போகும். சிலருக்குக் கழுத்து வீங்கும், சிலருக்குக் கண் முன்னால் தள்ளிக்கொண்டு முறைத்துப் பார்ப்பது போல இருக்கும்.

எங்கள் பகுதியில் ஒரு குழுவின் ஊக்குநருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. நாற்பது வயது இருக்கும். தீர்மானப் புத்தகத்தில் அவர் கையெழுத்து மாதா மாதம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் வங்கியில் "கையெழுத்து ஒத்துப்போகவில்லை" என்று பணம் எடுக்கும் படிவத்தைத் திருப்பி விட்டார்கள். வீட்டில் கோபப்படுகிறார், ராத்திரி தூங்குவதில்லை என்று மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள், தாயத்துக் கட்டினார்கள். அதில் ஆறு மாதம் போனது. இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இதை ஏன் சொல்கிறோம் என்றால், பெண்ணுக்குக் கோபமும் அழுகையும் வந்தால் அது குணக்கேடு என்றோ பேய் என்றோதான் நம் ஊரில் பெயர் வைக்கிறார்கள். உடம்பில் ஏதாவது இருக்குமோ என்று யாரும் யோசிப்பதில்லை.

பரிசோதனைச் சீட்டைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். டி.எஸ்.ஹெச். என்று ஒன்று எழுதியிருக்கும். கூடுதல் தைராய்டு என்கிறார்கள், ஆனால் அந்த எண் ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்பார்கள். டி.எஸ்.ஹெச். தைராய்டு நீர் அல்ல. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து "வேலை செய், வேலை செய்" என்று விரட்டும் மேஸ்திரி அது. ஆட்கள் சொல்லாமலே அளவுக்கு மீறி வேலை செய்தால் மேஸ்திரி வாயை மூடிக்கொள்வார் அல்லவா? அதனால்தான் அந்த எண் இறங்கிவிடுகிறது. கூடவே டி-3, டி-4 என்ற இரண்டும் கூடியிருக்கும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பரிசோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நோய் இல்லாதவருக்கும் இருப்பது போல அந்த மாத்திரை முடிவை மாற்றிக் காட்டிவிடும்.

சரி, மருந்துக்கு வருவோம். கூடுதல் என்று தெரிந்தாலும், ஏன் கூடியது என்று பார்க்காமல் வைத்தியம் இல்லை. அதிகமாகக் காணப்படுவது கிரேவ்ஸ் நோய். 1835-ல் இதை விவரித்து எழுதிய அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயர் அது. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் சக்தி, தவறிப்போய்த் தைராய்டைத் தூண்டிவிடுவதால் வருகிறது. சிலருக்குக் கழுத்தில் உள்ள கட்டியே தன் இஷ்டத்துக்குச் சுரக்கும். இந்த இரண்டிலும் குழாய் திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகை வேறு. பிரசவம் ஆன சில மாதங்களிலோ, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்து வலியோடோ, சுரப்பி புண்ணாகி, சேமித்து வைத்த நீர் கசிந்து வெளியே வரும். இங்கே குடம் ஓட்டை. குழாயை மூடி என்ன பயன்? அதனால் இவர்களுக்குச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை தேவைப்படாது, பெரும்பாலும் சில மாதத்தில் தானே அடங்கும். அடங்கும்போது கொஞ்ச நாள் குறை தைராய்டாகவும் மாறலாம், ஆகையால் இரத்தப் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

குழாயை மூடும் மாத்திரையின் பெயர் கார்பிமசோல். பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன, அட்டையில் சின்ன எழுத்தில் இந்தப் பெயர் இருக்கும், பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குழாயை மூடினாலும் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் நீர் தீர நாளாகும். அதனால் மூன்று, நான்கு வாரம் ஆன பிறகுதான் உடம்பு சுகம் தெரியும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடாதீர்கள். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்க புரோப்ரானலால் என்ற மாத்திரை கொடுப்பார்கள். இழுப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது.

கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோலைப் பொதுவாக 12 முதல் 18 மாதம் வரை சாப்பிட வேண்டும். முதலில் அளவு கூடுதலாக ஆரம்பித்து, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் குறைப்பார்கள். இடையில் உடம்பு நன்றாகிவிடும், அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். மேலே சொன்ன ஊக்குநரும் மூன்றாம் மாதத்தில் எடை ஏறி, கை நடுக்கம் நின்று, கையெழுத்தும் சரியானது. மாத்திரைக்கு எதற்குக் காசு என்று நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து நடவு வேலையில் மயங்கி விழுந்தார். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்படித் தாளம் தப்பினால் இதயத்தில் இரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரவும் வழி உண்டு. அவர் பிழைத்து, இன்று நடமாடுகிறார். மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டியதைப் போல பல மடங்கு ஆஸ்பத்திரிக்குப் போனது, அதுவும் குழுவின் அவசரக் கடனாக.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கார்பிமசோல் சாப்பிடும் ஆயிரம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் திடீரென்று அழிந்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் நடக்கும். காய்ச்சல், கடுமையான தொண்டை வலி, வாய்ப்புண் ஆகியவை அதன் அடையாளம். வழக்கமாகக் காய்ச்சல் என்றால் நாம் பெட்டிக்கடையில் மாத்திரை வாங்குவோம், இல்லை ஒரு ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவோம். இவர்கள் அப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. கார்பிமசோலை உடனே நிறுத்திவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் கார்பிமசோல் சாப்பிடுகிறேன், வெள்ளை அணுக்களை எண்ணிப் பாருங்கள்" என்று கேட்க வேண்டும். கண் மஞ்சளானாலும் இதே அவசரம்தான். லேசான தோல் அரிப்பு மட்டும் என்றால் அவ்வளவு பயம் இல்லை, டாக்டரிடம் காட்டினால் போதும். மருந்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உங்கள் சேமிப்புப் புத்தக உறைக்குள் வைத்துவிடுங்கள். நீங்கள் பேச முடியாமல் கிடந்தாலும் குழுவில் யாராவது எடுத்துக் காட்டுவார்கள்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். கருவின் முதல் மாதங்களில் கார்பிமசோல் குழந்தைக்குக் குறை உண்டாக்கலாம் என்பதால், அப்போது புரோப்பில்தயோயுரசில் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். நாள் தள்ளிப்போனால் மூன்று மாதம் மறைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம், அந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். மாமியார் சொன்னார் என்று எல்லா மருந்தையும் நிறுத்தவும் கூடாது. வைத்தியம் இல்லாத கூடுதல் தைராய்டு கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் காரணமாகிறது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் குறைந்த அளவு கார்பிமசோல் சாப்பிடலாம், டாக்டர் அளவு சொல்வார்.

முழுக் காலமும் மாத்திரை சாப்பிட்டு நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பி வருகிறது. தானாகச் சுரக்கும் கட்டி உள்ளவர்களுக்கு மாத்திரையை நிறுத்தினால் நிச்சயம் திரும்பும் என்றே வைத்துக்கொள்ளலாம். இவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, கதிரியக்க அயோடின். பேரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1941-ல் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் முதன்முதலில் கொடுத்தார், எண்பது வருடத்துக்கு மேலாக வழக்கத்தில் உள்ள வைத்தியம். மாத்திரையாகவோ தண்ணீராகவோ ஒரு தடவை விழுங்குவது, அவ்வளவுதான். உடம்பில் அயோடினைத் தேடித் தேடி இழுப்பது தைராய்டு என்பதால் மருந்து அங்கே போய் அதன் செல்களை அழிக்கிறது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போல அணு மருத்துவத் துறை உள்ள இடங்களில் கொடுப்பார்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கூடவே கூடாது. சாப்பிட்ட பிறகு ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. அங்கே சொல்லும் நாட்கள் வரை தனியாகப் படுக்க வேண்டும், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. நம் வீடுகளில் இது பெரிய கஷ்டம் என்று தெரியும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். கண் தள்ளியிருப்பவர்களுக்கு இது கண்ணை மோசமாக்கலாம். பீடி சிகரெட்டும் அந்தக் கண் நோயை வளர்க்கும்.

இன்னொன்று, அறுவை சிகிச்சை. கழுத்து பெரிதாக வீங்கியவர்களுக்கும், புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவர்களுக்கும் இதுதான் ஏற்றது. முதலில் மாத்திரையால் சுரப்பை அடக்கிவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். குரல் நரம்பும் சுண்ணாம்புச் சத்துச் சுரப்பிகளும் ஒட்டியே இருப்பதால் பழகிய கையாக இருப்பது நல்லது. ஆபரேஷனுக்குப் பிறகு விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரமரத்தால் உடனே சொல்லுங்கள், அது கால்சியம் குறைந்ததன் அடையாளம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போய், ஆஸ்பத்திரியில் உள்ள திட்டப் பிரிவில் முன்பே விசாரியுங்கள்.

இரண்டு வழியிலும் பெரும்பாலோருக்குப் பிறகு குறை தைராய்டு வரும், சுரப்பியை முழுசாக எடுத்தால் கட்டாயம் வரும். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், வாழ்நாள் முழுக்க. "ஒரு நோய் போய் இன்னொரு நோயா?" என்று போன மாதம் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கூடுதல் தைராய்டு இதயத்தையும் எலும்பையும் தின்றுகொண்டிருக்கும். அடுத்ததோ ஒரு மாத்திரையில் அடங்கும், அளவு சரியானால் வருடத்துக்கு ஒன்றிரண்டு பரிசோதனை போதும். எங்களைக் கேட்டால் இரண்டாவதே மேல்.

உப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒருவருக்குக் கூடுதல் தைராய்டு என்பதற்காக வீட்டில் அயோடின் உப்பை நிறுத்த வேண்டாம், பிள்ளைகளுக்கு அது தேவை. கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன்னால் மட்டும் சில நாள் என்ன சாப்பிட வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுப்பார்கள்.

மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்தவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் எங்களிடம் காட்டுங்கள், பெயரைப் படித்து, சீட்டில் எழுதித் தருகிறோம்.