ஊருக்குள் இருந்த ஏரி எங்கே போச்சு?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கல்யாண ஜவுளி எடுக்க நம்மில் பலர் சென்னை தியாகராய நகருக்குப் போயிருப்போம். கால் வலிக்குதென்று பனகல் பூங்காவில் உட்கார்ந்தும் இருப்போம். அந்த நகர் எதன்மேல் நிற்கிறது தெரியுமா? ஒரு பெரிய ஏரியின்மேல்!

நுங்கம்பாக்கம் தொட்டு சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரன் அதை 'லாங் டேங்க்' என்றே எழுதி வைத்தான். வீடு கட்ட இடம் வேணும் என்று 1923ல் தண்ணீரை வடிக்க ஆரம்பித்தார்கள். மனை போட்டார்கள், ரோடு போட்டார்கள், நடுவில் பூங்கா வைத்தார்கள். 1976ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் இன்று 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்க்க ஏரிதான் இல்லை!

தண்ணீர் தன் இடத்தை மறக்குமா? 2015 டிசம்பர் மழையில் மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

தன் ஏரியைத் தூர்த்த நகரம் தண்ணீருக்கு எங்கே போகிறது? பாசனத்துக்கு வெட்டிய செம்பரம்பாக்கம் ஏரிக்கு வருகிறது. 2004 முதல் வீராணத்துக்கும் வருகிறது. குடிக்கிற தண்ணீரை மறுக்கிறவர்கள் அல்ல நாம். ஆனால் உங்கள் ஏரியை மனையாக்கிவிட்டு எங்கள் ஏரியையே நம்பினால், எங்கள் வயலுக்கு யார் பொறுப்பு?

பூங்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேத்துப்பட்டு ஏரியில் தண்ணீரை வைத்துக்கொண்டே 2016ல் பூங்கா திறந்தார்கள். கரையில் நடக்கிறார்கள், படகு விடுகிறார்கள். ஏரியை வைத்துப் பூங்கா போடு, ஏரியை அழித்துப் போடாதே என்கிறோம்.

ஏரி ஒரே நாளில் சாகாது அண்ணே! முதலில் வரத்துக்கால் அடைபடும். மதகு உடைந்து கிடக்கும். ஆயக்கட்டு தரிசாகும். பிறகு "இது உபயோகமில்லாத ஏரி" என்று ஒரு அதிகாரி எழுதுவார். அந்த ஒரு வரி போதும், ஏரி மனையாகிவிடும்!

எனவே நம் கோரிக்கை இதுதான்: 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஏரியை அளந்து எல்லைக்கல் நடு! ஆக்கிரமிப்பை அகற்று! வரத்துக்காலைத் தூர்வாரு!

வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுவோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்!

ஏரி இருந்தால் ஊர் இருக்கும்!