முதல் விளையாட்டுக் கார்

டொயோட்டா 86 போன்ற பின்சக்கரக் காரை வாங்க ஆசைப்படும் இளையர்கள் நம்மிடையே உண்டு. ஆசையில் தவறில்லை. 2012இல் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் 2 லிட்டர் இயந்திரம் சுமார் 200 குதிரைத்திறன் தரும். முதல் காருக்கு அதுவே தாராளம்.

சிக்கல் பழக்கத்தில் இருக்கிறது. குடும்பக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரங்களால் இழுபடுபவை. வளைவில் வேகம் மிஞ்சினால் அவை வெளிப்பக்கம் விலகும். எக்சிலேட்டரைத் தளர்த்தினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின்சக்கரக் காரில் சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாய்கிறது, பின்டயர்களின் பிடி தளர்கிறது, பின்பகுதி வீசித் திரும்புகிறது. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையின் எண்ணெய்ப்பிசுக்கு நீரோடு கலக்கும்போது, இது இன்னும் எளிதில் நேரும். அந்நேரம் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. போகவேண்டிய திசையைப் பார்த்தபடி, பின்பகுதி வழுக்கும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பவேண்டும்.

வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை நண்பர்கள் முன் அணைத்துக் காட்டுவது வீரமல்ல, வெறும் விளம்பரம்!

சத்தமான புகைக்குழாய்க்குச் செலவிடும் பணத்தில் நல்ல டயர்கள் வாங்கலாம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டம் விட்டுவிடும்; மழைநீர் விடாது. மிச்சப் பணத்தைப் பயிற்றுநரோடு செப்பாங் போன்ற பந்தயத்தடத்தில் ஒருநாள் பழகச் செலவிடட்டும். வழுக்கல் எப்படித் தொடங்குகிறது என்பதை அங்கே, எதிரே லாரி வராத இடத்தில், உடம்பு கற்றுக்கொள்ளும்.