குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா வேண்டும்!

(மஞ்சூரில் தேயிலைத் தொழிலாளரும் சிறு விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பகல் முழுவதும் கொழுந்து பறித்த கை ஓயுமுன்பே, இந்தச் சாரலையும் குளிரையும் பொருட்படுத்தாமல் மஞ்சூர் பஜாரில் வந்து கூடியிருக்கிறீர்கள். கூலியைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். போனஸைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இந்தக் குந்தா மலையில் ஆயுள் முழுவதும் உழைத்த ஒரு தொழிலாளி, ஓய்வு பெற்ற மறுநாள் எங்கே படுத்துத் தூங்குவது? இதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாத எந்தச் சர்க்காரும் ஏழைகளின் சர்க்கார் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.

நாம் எப்படி இங்கு வந்து சேர்ந்தோம் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் எழுந்தபோது, அணை கட்டவும் சுரங்கம் குடையவும் சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் மலையேறினார்கள். அதற்குப் பிறகு 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு பிரதம மந்திரிகள் முடிவு செய்தார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, ஒரு தகரப் பெட்டியோடு இந்த மலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் துவங்கிற்று. 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டான்டீ ஆயிற்று. வேலை கிடைத்தது, லைன் வீடும் கிடைத்தது. ஆனால் அந்த வீடு யாருடையது? வேலை இருக்கும் வரைதான் வீடு. 2022-ல் டான்டீ தன் நிலத்தில் ஒரு பெரும் பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுத்தது. ஓய்வு பெற்றவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஜனங்கள் திரண்டு குரல் கொடுத்த பிறகுதான் மாற்று வீடு என்ற பேச்சே எழுந்தது.

தோழர்களே! முதலாளியின் வீட்டில் தொழிலாளி குடியிருப்பது எவ்வளவு பெரிய சங்கிலி என்பது புதிய விஷயமல்ல. 1844-ல் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தபோது, கம்பெனிகள் அவர்களைக் குடும்பத்தோடு வீதியில் தள்ளின. ஏங்கெல்ஸ் அதை எழுதி வைத்திருக்கிறார். மான்செஸ்டர் தூரத்தில் இருக்கிறது. மாஞ்சோலை பக்கத்தில் இருக்கிறது. 99 வருஷக் குத்தகை 2028-ல்தான் முடிகிறது. ஆனால் 2024-லேயே அங்குள்ள தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக் காகிதம் நீட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த வீட்டை விட்டு இறங்கச் சொன்னார்கள். வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் ரேஷன் கார்டும் போகும். இதற்குப் பெயர் விருப்பமா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வசிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று நேராகச் சொல்லிற்று. வீடு இடிந்து விழுந்து உயிர் போனால் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும் என்பதையும் 1981-ஆம் வருஷத் திருத்தம் சேர்த்தது. அமலாக்கத்தில் ஆயிரம் ஓட்டை இருந்தாலும், லேபர் ஆபீசரின் மேஜையில் தட்டிக் கேட்க நமக்கு ஓர் ஆயுதம் இருந்தது.

அந்தச் சட்டம் இன்று இல்லை. 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. பழைய சட்டம் அதற்குள் கரைந்துபோயிற்று. புதிய தொகுப்பிலும் வீடு, குடிதண்ணீர், சமையலறை, கழிப்பறை என்று எழுதியிருக்கிறார்கள். எப்படி எழுதியிருக்கிறார்கள்? மாநில சர்க்கார் அப்படி விதிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கடமை என்பது "லாம்" ஆகிவிட்டது! அதோடு, சர்க்கார் திட்டங்களையும் ஊராட்சித் திட்டங்களையும் பயன்படுத்தியே முதலாளி தன் பொறுப்பை நிறைவேற்றிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். லாபம் கம்பெனிக்கு, வீட்டுச் செலவு ஜனங்களின் வரிப்பணத்துக்கு. ஆகவே தமிழ்நாடு சர்க்கார் எழுதும் விதியில்தான் இனி நம் வீட்டின் அஸ்திவாரம் இருக்கிறது. அதில் ஒரு சொல் தளர்ந்தாலும் நம் கூரை தளரும்.

இன்னொரு உண்மையையும் சொல்லவேண்டும். பழைய சட்டமும் சரி, புதிய தொகுப்பும் சரி, 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்தைத் தொடுவதில்லை. மஞ்சூர், கைகாட்டி, பிக்கட்டி, கிண்ணக்கொரை என்று இந்தப் பக்கம் முழுவதும் சிறு தோட்டங்கள். அவற்றில் கூலிக்குப் பறிக்கும் தாய்மார்களுக்குச் சட்டப்படி வீடு கொடுக்க ஒருவருமில்லை.

இதற்காகச் சிறு விவசாயியை நாம் எதிரியாக நினைக்கலாமா? கூடாது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு 2023-ல் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தவர் அவர். உரத்துக்கும் கூலிக்கும் போக மிச்சமில்லாதவர், பறிக்கிறவருக்கு எங்கிருந்து வீடு கட்டுவார்? இலை விலைப் போராட்டமும் வீட்டுமனைப் போராட்டமும் ஒரே செடியின் இரண்டு கிளைகள். இந்தக் கூட்டத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதே நமது பலம்.

சர்க்கார் திட்டம் இருக்கிறதே என்பார்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பிரதமர் பெயரிலுள்ள ஊரக வீட்டுத் திட்டத்தில் மலைப்பகுதிக்கு 1.30 லட்சம் ரூபாய். செங்கல்லும் மணலும் கீழேயிருந்து லாரியில் ஏறி வரும் இந்த மலையில் இந்தத் தொகை சுவருக்குப் போதுமா, கூரைக்குப் போதுமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊராட்சிக்கு ஒரு திட்டம், பேரூராட்சிக்கு வேறு திட்டம். பெயர்தான் மாறுகிறது, ஆபீசில் கேட்கும் முதல் கேள்வி மாறுவதில்லை: "பட்டா எங்கே?" மண் இல்லாதவனுக்குத்தான் வீடு இல்லை, மண் இருந்தால்தான் வீடு என்கிறது திட்டம்!

பட்டா கொடுக்க முடியாத காரியமா? 1971-ல் தமிழ்நாடு குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. மிராசுதாரின் மண்ணில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே அது சொந்தமாக்கிற்று. பக்கத்துக் கேரளத்தில் 1970 முதல் குடிகிடப்புக்காரர்கள் கிராமத்தில் 10 சென்ட் வரை உரிமை பெற்றார்கள். கம்யூனிஸ்ட் மந்திரி எம்.என். கோவிந்தன் நாயர் 1972-ல் இலட்சம் வீடு திட்டத்தைத் துவக்கினார். ஆனால் நாம் நேர்மையாகப் பேசவேண்டும். நம் இயக்கம் வலுவாக இருந்த அந்தக் கேரளத்திலும் தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. லயத்துத் தொழிலாளிக்குச் சொந்த மண் வரவில்லை. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. இறந்தவரும் காணாமற்போனவருமாக 70 பேர். அவர்கள் நம் தமிழ்த் தொழிலாளர்கள். எங்கே படுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இந்த மலையும் அதே மலைதான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிவுக்குப் பலியானவர்களை நாம் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. ஆகவே கண்ட சரிவிலெல்லாம் பட்டா கொடு என்று நாம் கேட்கவில்லை. ஆபத்தான சரிவில் கொடுக்கும் பட்டா மரண சாசனம். காட்டையும் மலையையும் காக்கும் சட்டத்துக்கு நாம் விரோதிகளல்ல. ஆனால் அந்தச் சட்டம் சொகுசு பங்களாவுக்கு வளைந்து, ஏழையின் ஒற்றை அறைக்கு மட்டும் நிமிர்ந்து நிற்பதை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று: புதிய தொகுப்புக்கான தமிழ்நாட்டு விதியில் வீடு கொடுப்பது முதலாளியின் கட்டாயக் கடமை என்று இருக்கவேண்டும். இரண்டு: மாற்று வீடு கைக்கு வரும் வரை ஓய்வு பெற்ற எவரையும் வெளியேற்றக் கூடாது, வீட்டைக் காரணம் காட்டிப் பணிக்கொடையை நிறுத்தக் கூடாது. மூன்று: சிறு தோட்டத் தொழிலாளருக்குப் பாதுகாப்பான சர்க்கார் நிலத்தைக் கண்டறிந்து, குடும்பத் தலைவியின் பெயரில் மனைப் பட்டா வழங்கவேண்டும். நான்கு: மலைப்பகுதியின் உண்மையான செலவுக்கு ஏற்ப வீட்டுத் தொகையை உயர்த்தவேண்டும்.

தாய்மார்களே! வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் லைனில் எத்தனை குடும்பம், எத்தனை வருஷம், யாருக்குப் பட்டா இல்லை, எந்தச் சுவர் விரிந்திருக்கிறது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நாம் எல்லோரும் குந்தா தாலுகா ஆபீசுக்குப் போவோம். பட்டா எங்கே என்று இத்தனை காலம் அவர்கள் நம்மைக் கேட்டார்கள். இனி நாம் அவர்களைக் கேட்போம்!