நேரலைப் படம் வந்து சேரும் வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழிப்பவன் நான். விஞ்ஞானம் பேச இவனுக்கு என்ன தகுதி என்று தாங்கள் எண்ணலாம். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒருவகையில் பார்சல் அனுப்பும் தொழிலே ஆதலின், துணிந்து நிற்கிறேன்.

நமது அத்திபெலே எல்லையில் ஏதேனும் கலகம் என்றால், செய்தியாளர் வந்து நின்று, நிகழ்வதை அக்கணமே நாடெங்கும் காட்டுகின்றனர். முன்னாளில் இதற்குப் பெரிய வண்டி வேண்டும். நுண்ணலை வழியாயின், வண்டியின் கம்பத்திற்கும் நிலையத்தின் கோபுரத்திற்கும் இடையே குன்றோ மாடியோ மறைக்கலாகாது. 1983-ல் இன்சாட்-1பி விண்ணேறியது. அதன் பின் வந்த காலத்தில், கூரைமேல் வட்டத்தட்டு வைத்த வண்டிகள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்குப் படத்தை ஏற்றி, அங்கிருந்து நிலையத்தில் இறக்கலாயின. அத்தகைய கோள்களைக் கட்டுப்படுத்தும் நிலையம் நாம் வாழும் இம்மாநிலத்து ஹாசனில் உள்ளது என்பது நமக்குப் பெருமை.

இன்றோ அவ்வண்டியின் வேலையில் பெரும்பகுதியை ஒரு தோள்பை செய்துவிடுகிறது. 2006-ல் இஸ்ரேலில் தொடங்கப்பெற்ற லைவ்யூ போன்ற நிறுவனங்கள் இதனை உருவாக்கின. பையினுள் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் பல இருக்கின்றன. ஒரே வழியில் முழுப் படமும் போக இடம் போதாது. ஆகவே கருவி படத்தைச் சுருக்கி, சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எவ்வழியில் நெரிசல் குறைவோ அவ்வழியில் அனுப்புகிறது. ஒரு பெரிய சரக்கைப் பிரித்து, ஐந்து இரயில்களில் ஏற்றினால், முதலில் புறப்பட்டது கடைசியில் வந்து சேரலாம் அல்லவா? சேருமிடத்து எழுத்தர் எண் பார்த்து அடுக்குவது போல, நிலையத்திலுள்ள கணினி அடுக்குகிறது. வராததற்குச் சிறிது காத்திருக்கிறது. அதனால்தான் நிலையத்தார் கேள்வி கேட்ட பிறகும், களத்தில் நிற்பவர் ஓரிரு நொடி வாளாவிருந்து பின் தலையசைக்கிறார். காது மந்தம் என்று என் மனையாள் நெடுநாள் கருதியிருந்தாள்!

கூட்டம் பெருகிவிட்டால் இப்பைக்கும் இடர்தான். அத்தனை கைப்பேசிகளும் ஒரே கோபுரத்தை நாடுவதால் வழி அடைபட்டு, படம் கட்டங்கட்டமாக உடைகிறது.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டபோது என் தந்தையார் பெங்களூரில் வேலையிலிருந்தார். ஊரில் நாங்கள் எட்டு நாள் அவரைப் பற்றிய செய்தியே இன்றிக் கிடந்தோம். அன்னை உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நின்றது என் கண்ணில் இன்றும் நிற்கிறது. 2016 செப்டம்பர் 12-ஆம் நாள் பெங்களூரில் பேருந்துகள் எரிக்கப்பட்டபோது நிலைமை தலைகீழ். அதே அன்னை ஊரிலிருந்து தொலைக்காட்சியில் தீயைக் கண்டு, "உன் தெருவா அப்பா அது?" என்று கதறினார். என் தெருவிலோ பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் கடை அடைப்பென்று எங்கள் குழந்தைக்குப் பால் கொண்டுவந்து தந்துகொண்டிருந்தார். மாலைவரை திரும்பத் திரும்ப வந்தது அதே படம். எடுத்த நேரமும் இடமும் எங்கேனும் எழுதியிருந்தால், அவ்வளவு துயரம் வேண்டியிருந்திராது. பார்சலில்கூட நாங்கள் தேதியும் நிலையப் பெயரும் இல்லாமல் ஒரு சீட்டும் ஒட்டுவதில்லை.

2023 அக்டோபர் 7-ஆம் நாளைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நம் ஊர்ப் பட்டாசுக் கடையில் மூண்ட தீ பதினான்குக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவர்களில் பலர் தமிழகத்திலிருந்து சில நாள் வேலைக்கு வந்த இளைஞர்கள். அன்றிரவு நம் காலனி அன்பர் ஒருவரைத் தருமபுரிப் பக்கத்து உறவினர் அழைத்து, தம் மகன் படத்தில் தெரிகிறானா என்று கேட்டார். புகை தெரிந்தது, தீயணைப்பு வண்டி தெரிந்தது, பெயர்கள் தெரியவில்லை. அன்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இருளில் இறங்கினார். நானும் உடன் சென்றேன். பையன் வேறொரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். இரவு பதினொரு மணிக்கு அவன் குரலைக் கேட்ட பின்னரே, ஊரில் தந்தையார் தொலைக்காட்சியை அணைத்தாராம்.