நாலை விட அஞ்சு பெருசு இல்ல: கியர் ஆயில் வாங்குறதுக்கு முன்னாடி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன். உங்ககிட்ட இல்ல, எங்க மாமாகிட்ட.

எங்க ஊர் வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கத்துல. 2022இல் தொல்லியல் துறை இங்கே தோண்டினப்போ கற்காலக் கருவிகள் கிடைச்ச செய்தியை நீங்க படிச்சிருக்கலாம். இப்போ எங்களைச் சுத்தி கார், லாரி, பைக் கம்பெனிகள்தான். மாமா அந்தக் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வேன் ஓட்டுறாரு. வாலாஜாபாத் பக்கத்துல இருந்து ஆளுங்களை ஏத்திக்கிட்டு, காலை ஷிஃப்ட் தொடங்குறதுக்குள்ள கேட்ல இறக்கணும். வண்டி ஒரு நாள் நின்னா அன்னைக்குக் காசு போச்சு. தொடர்ந்து நாலு நாள் நின்னா ட்ரிப்பே வேற ஆளுக்குப் போயிடும்.

போன வருஷம் வேனுக்கு கியர் ஆயில் மாத்தணும்னு சொன்னாரு. "நீ இன்ஜினியர்தானே மாப்ள, நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கு"ன்னாரு. ஆன்லைன்ல தேடினேன். ஒண்ணுல ஜிஎல்-4ன்னு போட்டிருந்தது. இன்னொண்ணுல ஜிஎல்-5. அஞ்சு கொஞ்சம் விலை அதிகம். யோசிக்கவே இல்ல, அஞ்சை ஆர்டர் பண்ணிட்டேன். கியர்பாக்ஸுக்கும் பின்னாடி டிஃப்ரன்ஷியலுக்கும் சேர்த்து ஒரே கேன்.

மெக்கானிக் அண்ணன் கேனைப் பார்த்துட்டு, "தம்பி, கியர்பாக்ஸுக்கு நாலுதானே போடுவோம்?"னு கேட்டாரு. நான், "அண்ணே, இது அஞ்சு. அதை விட நல்லது"ன்னேன். "சரி, படிச்ச பிள்ளை சொல்றீங்க"ன்னு ஊத்திட்டாரு.

ரெண்டாவது வாரமே மாமா போன் பண்ணாரு. காலையில முதல் கியர்ல இருந்து ரெண்டாவதுக்குப் போகும்போது 'கர்ர்ர்'னு சத்தம். "புது ஆயில், செட் ஆயிடும் மாமா"ன்னு நான் சொன்னேன். செட் ஆகல. அவரும் கையை அழுத்தி, கியரைத் தள்ளித் தள்ளி மாசக்கணக்கா ஓட்டினாரு.

பெரிய நம்பர், புது வெர்ஷன் இல்ல

என் தப்பு எங்கேன்னா, ஜிஎல்-5ஐ ஜிஎல்-4ஓட அடுத்த வெர்ஷன்னு நினைச்சேன். எங்க வேலையில அப்படித்தானே? அஞ்சு வந்தா நாலைத் தூக்கிப் போடுவோம். ஆனா இங்கே அந்த நம்பர் வெர்ஷன் நம்பரே இல்ல. வேற வேலைக்கு வேற ஆயில். இந்த வகைப்பாட்டைக் கொடுக்கிறது ஏபிஐ. நாங்க தினமும் கோட் எழுதுற ஏபிஐ இல்ல, அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்.

கியர்பாக்ஸுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். ஓடுற பஸ்ல ஏறுறவன் என்ன பண்ணுவான்? பஸ்ஸோட வேகத்துக்கே கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம் படியில கால் வைப்பான். நின்ன இடத்துல இருந்து தாவினா பல்லு போயிடும். கியருக்கும் அதே கதைதான். நீங்க ரெண்டாவது கியர் போடும்போது, ஷாஃப்ட் ஒரு வேகத்துல சுத்தும், அந்தக் கியர் இன்னொரு வேகத்துல சுத்தும். நடுவுல சிங்க்ரோனைசர்னு ஒரு வளையம் இருக்கும். பல வண்டிகள்ல அது பித்தளை. அந்த வளையம் கியரோட கூம்பு மேல உரசி, ரெண்டு வேகத்தையும் சமமாக்கும். அப்புறம்தான் பல்லு பல்லுக்குள்ள போய் உட்காரும்.

கவனிச்சீங்களா, இங்கே உராய்வு வேணும். ஆயில் ரொம்ப வழுக்கினா வளையம் பிடிக்காம நழுவும். வேகம் சமமாகுறதுக்கு முன்னாடியே பல்லும் பல்லும் மோதும். மாமா கேட்ட 'கர்ர்ர்' அதுதான்.

இப்போ பின்னாடி ஆக்ஸிலுக்கு வாங்க. பின்சக்கரம் இழுக்கிற வேன், லாரி, ஜீப் மாதிரி வண்டிகள்ல டிஃப்ரன்ஷியலுக்குள்ள பெரும்பாலும் ஹைப்பாய்டு கியர் இருக்கும். சின்ன பினியனோட அச்சு, பெரிய ரிங் கியரோட மையத்துக்கு நேரா இல்லாம கொஞ்சம் இறங்கி இருக்கும். 1920கள்ல அமெரிக்காவில பக்கார்டு கார்ல இது வந்தது. ஷாஃப்ட் இறங்கினதால காரோட தரையையும் தாழ்த்த முடிஞ்சது. ஆனா ஒரு விலை இருக்கு. பற்கள் ஒண்ணு மேல ஒண்ணு உருள்றதோட நிக்காது, அழுத்தத்தோட சறுக்கும். சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்துல பிதுங்கி வெளியே போயிடும்.

அதுக்குத்தான் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம். சூடு ஏறுற இடத்துல அது இரும்போட வினைபுரிஞ்சு மெல்லிசா ஒரு அடுக்கு உண்டாக்கும். பல்லுக்குப் பதிலா அந்த அடுக்கு தேயும். கியர் ஆயிலைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்க வைக்கிற நாத்தம் இந்தக் கந்தகத்தோடதுதான். ஜிஎல்-5இல் இந்தச் சேர்மானம் ஜிஎல்-4ஐ விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

பித்தளையில செம்பு இருக்கு. கந்தகமும் செம்பும் ஒத்துப்போகாது. அதனாலதான் லேப்ல செம்புத் தகட்டைச் சூடான ஆயில்ல ஊறவெச்சு, எவ்வளவு கறுக்குதுன்னு பார்த்து 1ஏ முதல் 4சி வரைக்கும் தரம் கொடுக்கிறாங்க. இன்னைக்கு வர்ற நல்ல ஜிஎல்-5 ஆயில்கள்ல செம்பைக் காப்பாத்தவும் மருந்து சேர்க்கிறாங்க, அதை மறைக்கக் கூடாது. ஆனா கறுக்காம இருந்தாலும், சிங்க்ரோ வளையம் நழுவுற பிரச்சினை தீரணும்னு இல்ல.

தலைகீழாவும் தப்புதான். ஜிஎல்-5 கேட்கிற ஹைப்பாய்டு டிஃப்ரன்ஷியலுக்கு ஜிஎல்-4 ஊத்தினா பல்லோட முகமே உரிஞ்சுடும். ஒரே வண்டியில ரெண்டு இடம், ரெண்டு ஆயில்.

தொண்ணூறுன்னா கெட்டியா?

இன்னொரு குழப்பம் 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90ங்கிற நம்பர். இன்ஜின் ஆயில் 40, இது 90, அப்போ ரெண்டு மடங்கு கெட்டின்னு நானும் நினைச்சேன். இல்ல. ரெண்டுக்கும் அளவுகோல் வேற. 100 டிகிரி சூட்டுல 90 கியர் ஆயிலோட பிசுக்கு 13.5இல் இருந்து 18.5 சென்டிஸ்டோக்ஸ். இன்ஜின் ஆயில்ல 40, 50 நம்பர்களும் அதே பக்கத்துலதான் வருது.

'டபிள்யூ' குளிருக்கானது. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரி வரைக்கும், 80டபிள்யூ மைனஸ் 26 வரைக்கும் சோதிக்கிறாங்க. ஒரகடத்துல அந்தக் குளிருக்கு நாம எங்கே போறது? ஆனாலும் மார்கழி காலையில முதல் ரெண்டு கிலோமீட்டர்ல 75டபிள்யூ கொஞ்சம் லேசா இருக்கும், கியர் சுலபமா விழும். மேனுவல் ரெண்டையும் அனுமதிச்சா அது உங்க விருப்பம். அனுமதிக்கலைன்னா வேண்டாம். சத்தத்தை அமுக்க 140 ஊத்துறதும் வைத்தியம் இல்ல. தேஞ்ச பேரிங் தேஞ்சதுதான், கொஞ்ச நாள் உங்க காதுக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

பைக், ஸ்கூட்டர் வெச்சிருக்கவங்களுக்கு

இதைக் கேட்கிற பாதிப் பேர்கிட்ட கார் இருக்காதுன்னு தெரியும். இன்னைக்கு வர்ற பெரும்பாலான கியர் பைக்குகள்ல இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூணுக்கும் ஒரே ஆயில். பழைய புல்லட்ல கியர்பாக்ஸ் தனிப் பெட்டி, அதுக்குத் தனி ஆயில். 2009இல் கிளாசிக் 350 வந்தப்போ ரெண்டும் ஒரே கூட்டுக்குள்ள வந்திருந்தது. இப்போ ஒரகடத்துலயும் வல்லம் வடகாலிலும் இருந்து வர்ற ராயல் என்ஃபீல்டுகளுக்கு தனி கியர் ஆயிலே கிடையாது.

அதனால பைக்குக்கு நீங்க பார்க்க வேண்டிய எழுத்து ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2. கிளட்ச் ஆயில்ல நனைஞ்சே இருக்கிறதால அது வழுக்காம இருக்கணும். மலிவா இருக்கேன்னு கார் இன்ஜின் ஆயிலை ஊத்தினா கிளட்ச் நழுவலாம். ஸ்கூட்டர்ல பின்சக்கரத்துக்கிட்ட ஒரு சின்ன கியர் பெட்டி இருக்கும், ஒரு டம்ளர் ஆயில்கூடப் பிடிக்காது. சர்வீஸ்ல விட்டுப்போற இடம் அதுதான். பில்லுல அது இருக்கான்னு பாருங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

முதல்ல ஓனர்ஸ் மேனுவல். 'லூப்ரிகன்ட்ஸ்' பக்கத்தை போட்டோ எடுத்து போன்ல வைங்க. சில கியர்பாக்ஸ் இன்ஜின் ஆயில் கேட்கும், சிலது ஏடிஎஃப் கேட்கும். கியர்பாக்ஸுக்குள்ளயே ஹைப்பாய்டு இருக்கிற சில கார்களுக்கு ஜிஎல்-5தான் வேணும். இன்ஜின் குறுக்கா உட்கார்ந்திருக்கிற முன்சக்கரக் கார்கள்ல டிஃப்ரன்ஷியலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும், ஆனா ஹைப்பாய்டு தேவையில்லை. ஆக, 'மேனுவல் வண்டின்னா இதுதான்'னு ஒரே பதில் சொல்றவங்களை நம்பாதீங்க, என்னையும் சேர்த்து.

ரெண்டாவது, ஆயில்மேல பழி போடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. வண்டி நிக்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கியர் போட்டுப் பாருங்க. ஆஃப்ல சுலபமா விழுந்து, ஆன்ல முதல் கியரும் ரிவர்ஸும் சிரமப்பட்டா, கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். எந்த ஆயிலும் அதைச் சரி பண்ணாது. ஓடும்போது ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் கர்ர்னா சிங்க்ரோவைச் சந்தேகப்படுங்க.

மூணாவது, ஆயிலை இறக்குறதுக்கு முன்னாடி ஊத்துற போல்ட்டைக் கழட்டிப் பாருங்க. அது துரு பிடிச்சு வரலைன்னா, ஆயில் இல்லாத வண்டி ஷெட்லயே நிக்கும்.

நாலாவது, இறங்கின ஆயிலை வெயில்ல பாருங்க. இறக்குற போல்ட்ல காந்தம் இருந்தா அதுல சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒட்டியிருக்கிறது சகஜம். இரும்புச் சில்லு இருந்தா கவலைப்படணும். பொன் நிறத்துல மினுமினுத்தா, அது பித்தளை. பழைய ஆயிலை தயவுசெஞ்சு ஏரிப்பக்கம் கொட்டாதீங்க, சேகரிக்கிற கடையில கொடுத்துடுங்க.

மாமா வேன்ல மினுமினுத்தது. தட்டுல இருந்த ஆயிலை மெக்கானிக் அண்ணன் குச்சியால கிளறிக் காட்டினாரு. நாத்தத்தையும் மீறி அழகா இருந்தது, அதுதான் கொடுமை. மேனுவல்ல சொன்னபடி கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஊத்தினோம், ஆக்ஸில்ல ஜிஎல்-5ஐ அப்படியே விட்டோம்.

சத்தம் நல்லாவே குறைஞ்சது. முழுசா போகல. பழைய வண்டி, வளையம் ஏற்கெனவே கொஞ்சம் தேஞ்சிருக்கலாம். ஆனா அந்த மாசங்கள்ல தேஞ்சது திரும்ப வராது. இப்போ காலையில மாமா நியூட்ரல்ல ஒரு தடவை கிளட்சை விட்டுப் பிடிச்சு, அப்புறம் ரெண்டாவது போடுறாரு. என்னைக்காவது கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். அந்தச் செலவுல பாதி என்னோடதுன்னு சொல்லியிருக்கேன். "பார்த்துக்கலாம் மாப்ள"ன்னாரு, திட்டவே இல்ல. திட்டியிருந்தா தேவலாம்.

மெக்கானிக் அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு நான் மேனுவலைத் திறந்திருந்தா பதில் ரெண்டு நிமிஷத்துல கிடைச்சிருக்கும். உங்க வண்டி மேனுவல் எங்கே இருக்குன்னு இன்னைக்குத் தேடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.