சப்பாத்தைப் பேணும் முறை



தீபாவளிக்கு நாம் பிள்ளைகளுக்கு வாங்கும் மலிவான சப்பாத்துகளுள் சில, மான்தோல்போல் மெத்தென்றிருப்பினும், பாலியெஸ்டர் இழையால் ஆனவை. அவை அழுக்கானதும் வாளி நீரில் ஊறவைத்துத் தேய்க்கிறோம். பின்னர் அடுப்பருகே உலர்த்துகிறோம். ஈரத்தாலும் சூட்டாலும் பசை தளர்ந்து, அடிப்பாகம் வாய் பிளக்கிறது. நாம் சிந்திய வியர்வையின் பயன் வீணாகிறது.

செம்மண் படிந்தால் முதலில் காயவிடுவோம். காய்ந்ததைப் பழைய பல்தூரிகையால் மெல்லத் தட்டி நீக்குவோம். எஞ்சிய கறையைச் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுப்போம். ரப்பர்ப் பால் தெறித்தாலோ காத்திருத்தலாகாது. அது உறையுமுன் ஈரத்துணியால் துடைத்திடல் வேண்டும். பின்னர் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்தி, மீண்டும் தூரிகையால் நீவுவோம்.

இவ்வாறு பேணிய சப்பாத்து இளைய பிள்ளைக்கும் உதவும். மிஞ்சும் வெள்ளி பள்ளிச் செலவுக்கு ஆகும்.